இன்டர்நெட்டிலும் உண்டு பற்று வரவு



அண்மையில் நம் சங்கக் கூட்டத்தில் இளைய உறுப்பினர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "கடையில் லைன் இருக்கிறது. மாதா மாதம் பணமும் கட்டுகிறோம். அப்படியிருந்தும் கியூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்த வாடிக்கையாளர் சில நேரம் ஐந்து நிமிடம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். ஒரு கம்பெனியின் ஆர்டர் பக்கம் உடனே திறக்கிறது, இன்னொன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. லைன்காரரைக் கேட்டால் எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது என்கிறார். அப்படியானால் கோளாறு யார் பக்கம்?"

கூட்டத்தில் இருந்த யாருக்கும் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. பிறகு ஓசூரில் இந்தத் துறையில் வேலை பார்க்கும் என் தங்கை மகனிடம் விசாரித்தேன். அவன் சிரித்துக்கொண்டே, "மாமா, இது உங்க மண்டி சமாச்சாரந்தான்" என்றான். கேட்கக் கேட்க அது உண்மை என்று பட்டது. வங்கியின் கம்ப்யூட்டர் திணறினாலும் பணம் தாமதமாகும். அது ஒரு காரணம். ஆனால் பல நேரங்களில் நம் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு காரணமும் உண்டு. இன்டர்நெட் கம்பெனிகள் தங்களுக்குள் வைத்திருக்கும் கொடுக்கல் வாங்கல் ஒப்பந்தந்தான் அது. பள்ளிப் படிப்போடு நின்ற எனக்குப் புரிந்த அளவில் அதை இங்கே எழுதுகிறேன்.

தக்காளி போய் வந்த கதை

பேரிகை, பாகலூர், சூளகிரி வட்டாரத்தில் விளைகிற தக்காளி லாரி ஏறிப் பெங்களூர் மார்க்கெட்டுக்குப் போகிறது. ஓசூரில் உள்ள கடைக்காரர் சில நாள் பெங்களூர் மார்க்கெட்டில் சரக்கு எடுக்கிறார். அந்தக் கிரேட்டில் இருப்பது பேரிகைத் தக்காளியாகவே இருக்கலாம். இங்கிருந்து அங்கே போய், அங்கிருந்து இங்கே வந்து, இரண்டு பக்கமும் வாடகை, ஏற்று கூலி, இறக்கு கூலி, கமிஷன். விளைவித்தவருக்கும் லாபமில்லை, வாங்கியவருக்கும் லாபமில்லை. விற்பவரும் வாங்குபவரும் சந்திக்கிற இடம் பக்கத்தில் இல்லாததால் வந்த வினை இது.

நம் நாட்டு இன்டர்நெட்டும் 2003 வரை பெரும்பாலும் இப்படித்தான் ஓடியது. 2001 வாக்கில் என் கடையிலிருந்து பெங்களூர் மண்டிக்கு நாங்கள் ஒரு மெயில் அனுப்புவோம். எனக்கு இணைப்புக் கொடுத்தது ஒரு கம்பெனி, மண்டிக்காரருக்குக் கொடுத்தது இன்னொரு கம்பெனி. இரண்டும் இந்தியாவுக்குள் கைகோக்கவில்லை என்றால் அந்த மெயில் கடல் கடந்து அமெரிக்கா போய், அங்கே கை மாறி, மறுபடி கடல் கடந்து பெங்களூர் வந்து சேரும். போக ஒரு வாடகை, வர ஒரு வாடகை. இரண்டையும் டாலரில் கொடுத்தது நம் நாட்டுக் கம்பெனிகள். அந்தச் செலவு நம் பில்லில்தான் வந்து விழுந்தது.

இரண்டு வகைக் கணக்கு

இன்டர்நெட் என்பது ஒரே கம்பெனியின் சொத்து அல்ல. பல்லாயிரம் தனித்தனிக் கம்பெனிகளின் கம்பிகள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டதே இன்டர்நெட். நாம் அனுப்பும் செய்தி, படம், பணத் தகவல் எல்லாம் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து போகின்றன. நாம் சர்க்கரையைப் பொட்டலம் கட்டுவது போலத்தான். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் போய்ச் சேர வேண்டிய முகவரி இருக்கும். வழியில் உள்ள கம்பெனிகள் அதை வாங்கி அடுத்தவர் கையில் கொடுக்கின்றன. சும்மா கொடுப்பார்களா? இங்கேதான் கணக்கு வருகிறது.

முதல் வகை, கடத்துக் கூலி. டிரான்சிட் என்பார்கள். சிறிய கம்பெனி பெரிய கம்பெனியிடம், "உலகத்தில் எந்த முகவரியானாலும் கொண்டு சேர், அங்கிருந்து வருவதையும் எனக்குக் கொண்டு வா" என்று சொல்லிப் பணம் கட்டும். இதில் அளவை முறை வேடிக்கையானது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கம்பியில் ஓடும் வேகத்தைக் குறித்துக்கொள்வார்கள். மாத முடிவில் மிக நெரிசலான 5 சதவீதக் குறிப்புகளைத் தள்ளிவிட்டு, அதற்கு அடுத்த உயர்ந்த அளவுக்குப் பில் போடுவது பரவலான வழக்கம். முப்பது நாள் மாதத்தில் 36 மணி நேர நெரிசல் தள்ளுபடி என்று கணக்கு. தீபாவளிக் கூட்டத்தைத் தள்ளிவிட்டு மற்ற நாள் வியாபாரத்தை வைத்துக் கடை வாடகை பேசுவது போல.

இரண்டாவது வகை, சரிக்குச் சரி மாற்று. பியரிங் என்பார்கள். ஏறக்குறைய ஒரே தரத்தில் உள்ள இரண்டு கம்பெனிகள், "என் வாடிக்கையாளருக்கு வருவதை நீ என்னிடம் நேரே கொடு, உன் வாடிக்கையாளருக்கு உரியதை நான் உன்னிடம் நேரே கொடுக்கிறேன். பணம் வேண்டாம்" என்று பேசிக்கொள்வார்கள். இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. இரண்டு பேரின் வாடிக்கையாளர்களோடு கணக்கு முடிந்தது. மூன்றாவது கம்பெனிக்குப் போக வேண்டிய பொட்டலத்தை அந்த வழியில் தள்ள முடியாது. அதற்குக் கடத்துக் கூலிதான்.

ஆக, ஒவ்வொரு கம்பெனியும் அடுத்த கம்பெனியைப் பார்த்துக் கேட்கும் கேள்வி ஒன்றுதான். இவர் எனக்குச் சமமானவரா, என் வாடிக்கையாளரா? சமமானவர் என்றால் மாற்று. வாடிக்கையாளர் என்றால் பில்.

நான் செய்த ஒரு தவறு

இதைக் கேட்டபோது எனக்கு என் பழைய தவறு ஒன்று நினைவுக்கு வந்தது. 1990களில் பாகலூர்ப் பக்கம் ஒரு மளிகை மொத்த வியாபாரி இருந்தார். பெயர் வேண்டாம். என்னிடம் துவரம்பருப்பு தீர்ந்தால் அவர் நாலு மூட்டை கொடுப்பார். அவரிடம் சர்க்கரை தீர்ந்தால் நான் கொடுப்பேன். மாதக் கடைசியில் பேரேட்டைப் பார்த்து நேர் செய்துகொள்வோம். யாருக்கும் யாரும் கூலி கொடுத்ததில்லை.

ஒரு கட்டத்தில் என் வியாபாரம் பெருத்தது. அவர் என்னிடம் எடுப்பது அதிகம், நான் அவரிடம் எடுப்பது குறைவு என்று தோன்றியது. இனிமேல் மூட்டைக்கு இவ்வளவு கூலி என்று சொல்லிவிட்டேன். அவர் சண்டை போடவில்லை. இன்னும் இரண்டு வியாபாரிகளைச் சேர்த்துக்கொண்டு, மூவருமாக ஒரு லாரி பேசி, சேலம் லீ பஜாரிலிருந்து நேரே சரக்கு இறக்கினார்கள். ஒரே வருடத்தில் அந்தப் பக்கத்துக் கடைகள் பல என் கையை விட்டுப் போயின. பெரியவன் என்ற நினைப்பில் கூலி கேட்டேன். சிறியவர்கள் கூடினால் பெரியவன் தேவையில்லை என்பதை அதன் பிறகுதான் கற்றேன்.

இதே கதை அமெரிக்காவில், இதைவிடப் பெரிய அளவில் நடந்திருக்கிறது.

அமெரிக்காவில் நடந்தது

1986-ல் அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் நிறுவனம், பல்கலைக்கழகங்களை இணைக்க ஒரு முதுகெலும்பு வலை போட்டது. என்.எஸ்.எஃப்.நெட் என்று பெயர். அதைத் தேசிய நெடுஞ்சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தந்த மாகாணத்தில் உள்ள கல்லூரிகளை அதோடு சேர்த்தவை வட்டார வலைகள். இவை கிளைச் சாலைகள்.

நெடுஞ்சாலை அரசுப் பணத்தில் போட்டது. ஆகவே கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டுமே அது, வியாபாரச் சரக்கு ஏறக் கூடாது என்று விதி. ஆனால் வட்டார வலைகள் செலவைச் சமாளிக்கத் தங்கள் ஊர்க் கம்பெனிகளுக்கும் இணைப்புக் கொடுக்கத் தொடங்கியிருந்தன. ஒரே கம்பியில் கல்லூரிப் பொட்டலமும் வருகிறது, கம்பெனிப் பொட்டலமும் வருகிறது. கிளைச் சாலையில் வரலாம், நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது என்றால் என்ன செய்வது?

1990-ல் மெரிட், ஐ.பி.எம்., எம்.சி.ஐ. ஆகிய மூன்றும் சேர்ந்து ஏ.என்.எஸ். என்ற அமைப்பைத் தொடங்கின. நெடுஞ்சாலையை ஓட்டும் பொறுப்பு அதனிடம் வந்தது. 1991-ல் ஏ.என்.எஸ். லாப நோக்கில் ஒரு துணைக் கம்பெனியை ஏற்படுத்தி, வட்டார வலைகளிடம் ஒப்பந்தம் பேசியது. உங்கள் வியாபார வாடிக்கையாளரின் சரக்கையும் எங்கள் சாலையில் விடுகிறோம், அதற்குரிய பங்கைக் கட்டுங்கள், செலவு போக மிஞ்சுவது வலையின் வளர்ச்சிக்கான பொது நிதிக்குப் போகும் என்பது அதன் சாரம்.

கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. ஆனால் பலருக்கு மனம் ஒப்பவில்லை. எது வியாபாரப் பொட்டலம், எது கல்விப் பொட்டலம் என்று யார் பிரித்து எண்ணுவது? அரசுப் பணத்தில் வளர்ந்த சாலையின் வாசலில் ஒரே கம்பெனி நின்று சுங்கம் வாங்குவது சரியா? 1992-ல் அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவின் முன்னாலேயே இந்த வழக்குப் பேசப்பட்டது.

இதற்குள் போட்டியாளர்கள் வேறு வழி கண்டுவிட்டார்கள். 1991-ல் பி.எஸ்.ஐ.நெட், யூ.யூ.நெட், கலிபோர்னியாவின் செர்ஃப்நெட் ஆகிய மூன்றும் சேர்ந்து சிக்ஸ் என்ற வணிகப் பரிமாற்ற நிலையத்தைத் தொடங்கின. அங்கே உறுப்பினர் கட்டணம் மட்டும் உண்டு. உள்ளே வந்த பிறகு ஒருவர் பொட்டலத்தை மற்றவர் வாங்கிக்கொள்வார், எண்ணிக்கையும் இல்லை, கூலியும் இல்லை. வெளியே இருந்த வலைகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. 1992-ல் ஏ.என்.எஸ்ஸும் சிக்ஸோடு இணைப்பு ஏற்படுத்திக்கொள்ள வேண்டி வந்தது. 1995 ஏப்ரல் 30 அன்று அரசின் நெடுஞ்சாலை மூடப்பட்டது. அதன் இடத்தில் தனியார் சாலைகளும், அவை சந்திக்கும் பொதுப் பரிமாற்ற நிலையங்களும் வந்தன.

மூன்று பேர் ஒரு லாரி பேசிய கதைதான். அளவில்தான் வித்தியாசம்.

நம் நாட்டில் நடந்தது

நம் நாட்டில் 1986-ல் எர்னெட் என்ற கல்வி வலை தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் அதில் முதலிலேயே சேர்ந்தவை. பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலமாக. மூன்று வருடம் அந்த ஒரே கடைதான். 1998 நவம்பரில் தனியாருக்கும் அனுமதி கிடைத்தது. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே போன்ற கம்பெனிகள் இறங்கின.

கடைகள் பெருகின. ஆனால் கடைகள் தங்களுக்குள் சரக்கு மாற்றிக்கொள்ளும் பொது முற்றம் இல்லை. ஒவ்வொருவரும் வெளிநாட்டுக்குத் தனித்தனியாக வழி வாங்கினார்கள். பக்கத்துக் கடைக்குப் போக வேண்டியதும் அந்த வழியில்தான் போனது. இதைச் சரி செய்யத்தான் 2003 ஜூனில் நிக்ஸி என்ற தேசிய இன்டர்நெட் பரிமாற்ற நிலையம் லாப நோக்கில்லாத நிறுவனமாகப் பதிவானது. நொய்டா, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய இடங்களில் முதலில் முற்றங்கள் திறந்தன. பெங்களூர் பிறகு வந்தது. பின்னாளில் தனியார் பரிமாற்ற நிலையங்களும் வந்திருக்கின்றன.

நிக்ஸி தொடக்கத்தில் வைத்த கணக்கு நாம் கவனிக்க வேண்டியது. முழுக்க இலவச மாற்று என்று அவர்கள் வைக்கவில்லை. உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் கழித்து, மிச்ச வித்தியாசத்துக்கு, கேட்டு வாங்கியவர் கொடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். நம் பேரேட்டில் நேர் செய்வது போலத்தான். ஆனால் யார் கேட்டவர்? வீட்டில் உட்கார்ந்து ஒருவர் சினிமா பார்த்தால், கேட்டது சிறு எழுத்து, வந்து இறங்குவது மூட்டை மூட்டையாக. ஆகவே வீடுகளுக்கும் கடைகளுக்கும் லைன் கொடுக்கும் சிறிய கம்பெனி எப்போதும் வாங்கும் பக்கத்தில் நிற்கும். சினிமாவை வைத்திருப்பவரைச் சுமக்கும் கம்பெனி எப்போதும் கொடுக்கும் பக்கத்தில் நிற்கும். கணக்கு நேர்மையானதுதான், ஆனால் தராசு ஒரு பக்கமாகவே சாயும்.

வாய் வார்த்தையும் வம்பும்

இந்தத் துறையில் என்னை வியக்க வைத்தது ஒன்று உண்டு. 2011-ல் பாக்கெட் கிளியரிங் ஹவுஸ் என்ற அமைப்பு, உலகம் முழுவதும் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சரிக்குச் சரி மாற்று ஏற்பாடுகளை எடுத்துப் பார்த்தது. அதில் 99 சதவீதத்துக்கு மேல் எழுத்து ஒப்பந்தமே இல்லை. எல்லாம் வாய் வார்த்தை, கை குலுக்கல். நம் மண்டியில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசிய பெரியவர்கள் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

ஆனால் வார்த்தை முறிந்தால் நஷ்டம் வாடிக்கையாளருக்கு. 2005 அக்டோபரில் லெவல் 3, கோஜென்ட் என்ற இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளுக்குள் தகராறு வந்தது. நீ எனக்குச் சமமானவன் இல்லை, இலவச மாற்று முடியாது என்று லெவல் 3 இணைப்பைத் துண்டித்தது. ஒரு பக்கம் மட்டுமே லைன் வைத்திருந்தவர்களுக்கு மறுபக்கத்தில் இருந்தவை சில நாள் திறக்கவே இல்லை. லைன் நன்றாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டரும் நன்றாகத்தான் இருந்தது. பெரியவர்கள் இருவர் பேச்சுவார்த்தையில் சாதாரணக் கடைக்காரன் நின்றுபோனான். நம் உறுப்பினர் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே இருக்கிறது. முடிச்சு முறிந்தால் வழியே அடைபடும். முடிச்சு குறுகலாக இருந்தால் எல்லாம் சுற்றிச் சுற்றி வரும். அந்த முடிச்சு எவ்வளவு அகலம் என்பதைத் தீர்மானிப்பது இரண்டு கம்பெனிகளின் பேரம்.

இப்போது நடக்கும் பேரம்

இந்தப் பேரம் முடிந்துபோன பழங்கதை அல்ல. சில வருடங்களாக நம் நாட்டின் பெரிய டெலிபோன் கம்பெனிகள், சினிமாவும் செய்தியும் அனுப்பும் பெரிய கம்பெனிகள் தங்கள் கம்பியை நிறைத்துவிடுகின்றன, ஆகவே செலவில் பங்கு தர வேண்டும் என்று கேட்டு வருகின்றன. 2023 ஜூலையில் டிராய் வெளியிட்ட கருத்துக்கேட்பு அறிக்கை ஒன்றிலும் இது ஒரு கேள்வியாக வந்தது. அந்தப் பக்கம் சொல்வது, "உங்கள் வாடிக்கையாளர் கேட்டார், கொடுத்தோம். அவரிடம்தான் மாதக் கட்டணம் வாங்குகிறீர்களே?"

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. சரக்கு அனுப்பியவர் வாடகை கொடுப்பதா, இறக்கியவர் கொடுப்பதா என்ற நம் பழைய வழக்கு இது. கடை டெலிவரி என்றாலும் மண்டி டெலிவரி என்றாலும் வாடகை கடைசியில் விலையில் ஏறிவிடும் என்பது நமக்குத் தெரியும்.

தென் கொரியாவில் 2016 முதல் இன்டர்நெட் கம்பெனிகளுக்குள் அனுப்புபவர் கொடுக்க வேண்டும் என்று கணக்கை மாற்றினார்கள். ட்விட்ச் என்ற விளையாட்டு ஒளிபரப்பு நிறுவனம், அங்கே வலைக் கட்டணம் மற்ற நாடுகளைவிடப் பல மடங்கு என்று சொல்லி 2024 பிப்ரவரியில் கடையைக் கட்டியது. பெரிய கம்பெனிக்கே அப்படி என்றால், நாளை நம் சங்க உறுப்பினர் ஒருவர் சொந்தமாக ஆர்டர் வாங்கும் பக்கம் தொடங்கினால் அதன் பொட்டலத்துக்கு யார் கூலி கட்டுவார்கள்?

யு.பி.ஐ. பணத்துக்குக் கடைக்காரர் கமிஷன் கட்ட வேண்டாம் என்று 2020 ஜனவரியில் விதி வந்தது நமக்கு நினைவிருக்கும். அதன் அருமை நமக்குத் தெரியும். ஒரு பக்கம் கமிஷனை நீக்கிவிட்டு, இன்னொரு பக்கம் கம்பியின் வழியாக அது வேறு பெயரில் திரும்பி வந்துவிடக் கூடாது. என் கவலை அதுதான்.

நாம் செய்யக் கூடியது

முதலாவது, உங்களுக்கு லைன் கொடுக்கும் கேபிள்காரரிடம் கேளுங்கள். அவர் யாரிடம் மொத்தமாக வாங்குகிறார்? ஒருவரிடமா, இருவரிடமா? அவரோ அவருக்கு மேலே உள்ளவரோ சென்னையிலோ பெங்களூரிலோ பரிமாற்ற நிலையத்தில் சேர்ந்திருக்கிறாரா? "ஏன்யா, உனக்குச் சரக்கு எங்கிருந்து வருகிறது?" என்று சில்லறை வியாபாரியைக் கேட்பது போலக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் லைன் வாங்குவது நல்லது.

இரண்டாவது, வியாபாரம் நின்றுவிடக் கூடாது என்று இரண்டு லைன் வைப்பவர்கள், இரண்டுக்கும் மேலே ஒரே மொத்தக் கம்பெனி இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டு கடைப் பெயரில் ஒரே கிடங்கில் சரக்கு எடுத்த கதைதான். கிடங்கு பூட்டினால் இரண்டும் பூட்டும்.

மூன்றாவது, டிராய் கருத்துக் கேட்கும்போது நம் சங்கங்கள் வாய் மூடி இருக்கக் கூடாது. அந்த மேசையில் டெலிபோன் கம்பெனியும் இருக்கும், சினிமாக் கம்பெனியும் இருக்கும். இரண்டுக்கும் கடைசியில் பணம் கட்டுகிற கடைக்காரன் இருப்பதில்லை. ஒரு பக்கக் கடிதம் போதும். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பொதுப் பரிமாற்ற முற்றம் வேண்டும், சிறிய கம்பெனியும் அதில் குறைந்த செலவில் சேர முடிய வேண்டும், கூலியை எங்கள் தலையில் ஏற்றக் கூடாது என்று எழுதினால் போதும்.

பாகலூர் வியாபாரி இப்போது இல்லை. அவர் மகன் கடை நடத்துகிறார். சென்ற வருடம் நான் அந்தக் கடைக்குப் போய், பழையபடி மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "எங்க அப்பா அந்தப் பழைய பேரேட்டை இன்னும் வைத்திருக்கச் சொன்னாருங்க அய்யா" என்றார். இப்போது எனக்குத் துவரம்பருப்பு தீர்ந்தால் அங்கிருந்து வருகிறது. கூலி கேட்பதில்லை, கொடுப்பதும் இல்லை.